சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர்

சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர் (அக்டோபர் 2, 1901 – சூலை 25, 1987) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த அறிவியலாளரும் பொறியியலாளரும் ஆவார். வெளியிலிருந்து எவ்விதச் சைகையும் பெறாமல், ஓர் ஊர்தி தன் இருப்பிடத்தையும் விரைவையும் தானே கணித்துக்கொள்ளும் நிலைம வழிகாட்டல் முறையை நடைமுறைக்குக் கொண்டு வந்தவர்களுள் இவர் முதன்மையானவர். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இவர் நிறுவிய கருவியியல் ஆய்வகம், அப்பல்லோ விண்கலங்களைச் சந்திரனுக்கு இட்டுச்சென்ற வழிகாட்டிக் கணினியை வடிவமைத்தது.

ஓர் இயந்திரத்தின் உள்ளே பொருத்தப்பட்டு, அவ்வியந்திரத்தை இயக்கும் பணிக்கென்றே அமைந்த கணினி உட்பொதி கணினி எனப்படும். அப்பல்லோ வழிகாட்டிக் கணினி இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. ஒரு மென்பொருள் எவ்வளவு நேரத்தை எடுத்துக்கொள்கிறது, எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கிறது என்ற கேள்வி மனித உயிர்களோடு நேரடியாகத் தொடர்புற்ற முதல் நிகழ்வுகளுள் ஒன்றும் இக்கணினியில்தான் ஏற்பட்டது.

இளமையும் கல்வியும்

டிரேப்பர் மிசூரி மாநிலத்தின் வின்ட்சர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தமது 15ஆவது வயதில் மிசூரி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பின்னர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்திற்கு மாறி, 1922இல் உளவியலில் இளங்கலைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். அங்கு 1926இல் மின்வேதியியல் பொறியியலில் இளநிலைப் பட்டமும், 1928இல் முதுநிலைப் பட்டமும், 1938இல் இயற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார். ஒரு துறையில் நில்லாமல் பல துறைகளின் பாடங்களைத் தொடர்ந்து படித்துவந்ததால், அக்கழகத்தில் அவரளவுக்குப் பாடங்களைப் பயின்றவர் எவருமில்லை என்று கூறப்படுவதுண்டு.

1938இல் ஐவி வில்லர்டு என்பவரை மணந்தார். இவர்களுக்கு நான்கு பிள்ளைகள். மாணவர்களும் உடன் பணிபுரிந்தோரும் இவரை டாக் என்ற சுருக்கப் பெயரால் அழைத்தனர்.

வானூர்திக் கருவிகள்

டிரேப்பர் இராணுவ வான்படையில் விமானியாகச் சேர முயன்று தேர்வு பெறவில்லை. பின்னர்ப் பொதுமக்களுக்கான பயிற்சியின் மூலம் வானூர்தி ஓட்டக் கற்றார். அக்காலத்து வானூர்திகளின் கருவிப் பலகையில் இருந்த கருவிகள் மிகவும் எளியவை. மேகத்தினுள்ளும் இருளிலும் பறக்கும் விமானி தன் உடல் உணர்வை நம்பினால் ஏமாற நேரும். உடலுக்குத் தெரியாததைக் கருவி தெரிவிக்க வேண்டும் என்பதும், அது தெரிவிப்பதில் காலத் தாமதம் இருத்தல் கூடாது என்பதும் அவர் ஆய்வுகளின் மையமாயின.

1930களில் அவர் தொழில்நுட்பக் கழகத்தில் கருவியியல் ஆய்வகத்தைத் தொடங்கினார். 1935இல் துணைப் பேராசிரியராகவும் 1939இல் பேராசிரியராகவும் ஆனார். பின்னாளில் வானூர்திப் பொறியியல் துறையின் தலைவராகவும் பணியாற்றினார். அளவிடும் கருவி, அளக்கப்படும் பொருளின் மாற்றத்திற்கு எவ்வளவு விரைவாக ஈடுகொடுக்கிறது என்பதை முறையான பாடமாக அவர் கற்பித்தார். மற்றிருவருடன் இணைந்து அவர் எழுதிய கருவிப் பொறியியல் என்னும் நூல் 1950களில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

மார்க் 14 குறிநோக்கி

இரண்டாம் உலகப் போரின்போது, கப்பல்களைத் தாக்க வரும் வானூர்திகளைச் சுடுவது பெருஞ்சிக்கலாக இருந்தது. குண்டு சென்று சேர்வதற்குள் வானூர்தி நகர்ந்துவிடும். எனவே அது இருக்கும் இடத்தை விட்டு, இருக்கப்போகும் இடத்தை நோக்கிச் சுட வேண்டும். இந்த முன்னோக்குக் கோணத்தைக் கணிக்கும் மார்க் 14 என்னும் குறிநோக்கியை டிரேப்பரின் குழு உருவாக்கியது. ஸ்பெர்ரி நிறுவனம் அதனைப் பெருமளவில் உற்பத்தி செய்தது.

இக்கருவியினுள் இரண்டு சுழல்காட்டிகள் இருந்தன. சுடுபவர் இலக்கைத் தொடர்ந்து நோக்கியவாறு துப்பாக்கியைத் திருப்பும்போது, திரும்பும் வேகத்தைச் சுழல்காட்டிகள் உணர்ந்தன. அதற்கேற்ப நோக்குக் கோடு விலக்கப்பட்டது. சுடுபவர் எந்தக் கணக்கும் போட வேண்டியதில்லை; இலக்கை நோக்கிக்கொண்டிருந்தாலே போதும். 1942ஆம் ஆண்டு அக்டோபரில் பசிபிக் பெருங்கடலில் நடந்த சாந்தா குரூஸ் தீவுகள் போரில், சவுத் டகோட்டா என்னும் போர்க்கப்பலின் வான்காப்புத் திறனால் இக்கருவி பெரிதும் அறியப்பட்டது. இதே கொள்கையில் அமைந்த வானூர்திக் குறிநோக்கிகள் கொரியப் போரின்போது சேபர் வகைப் போர் வானூர்திகளில் பயன்பட்டன.

இக்குறிநோக்கியை எண்ணிமக் கணினி என்று கூற இயலாது. எனினும், இயந்திரம் ஒன்றினுள் அமர்ந்து, நிகழ்நேரத்தில் விடை தந்தாக வேண்டிய கணக்கீட்டுக் கருவி என்ற வகையில், பின்னர் வந்த உட்பொதி கணினிகளின் அடிப்படைத் தேவை இதிலேயே வெளிப்பட்டது. சரியான விடை காலம் கடந்து வந்தால் அது தவறான விடையாகும்.

நிலைம வழிகாட்டல்

போருக்குப் பின் டிரேப்பர் நிலைம வழிகாட்டலில் கவனம் செலுத்தினார். இம்முறையில் சுழல்காட்டிகள் திசையை நிலைநிறுத்துகின்றன. முடுக்கமானிகள் முடுக்கத்தை அளக்கின்றன. முடுக்கத்தைக் காலத்தைக் கொண்டு ஒருமுறை தொகையிட்டால் விரைவும், மீண்டும் தொகையிட்டால் கடந்த தொலைவும் கிடைக்கும். வானொலிச் சைகையோ விண்மீன்களின் தோற்றமோ தேவையில்லை. எதிரியால் இதனைக் குழப்பவும் இயலாது.

இதில் இரண்டு இடர்ப்பாடுகள் இருந்தன. முதலாவது, சுழல்காட்டியின் தாங்கிகளில் ஏற்படும் உராய்வு. சிறு உராய்வும் திசையைச் சிறிது சிறிதாக விலகச் செய்து, சில மணி நேரத்தில் பல கிலோமீட்டர் பிழையாக வளர்ந்துவிடும். டிரேப்பரின் குழு, சுழலியை ஓர் உருளையினுள் அடைத்து, அதனைப் பாகுநிலைத் திரவத்தில் மிதக்கவிட்டது. எடை திரவத்தால் தாங்கப்பட்டமையால் தாங்கிகளின் மீதான சுமை ஏறத்தாழ இல்லாமற் போயிற்று. இரண்டாவது, முடுக்கமானியால் புவியீர்ப்பையும் ஊர்தியின் முடுக்கத்தையும் பிரித்தறிய இயலாமை. இதனால் செங்குத்துத் திசை எது என்பதே ஐயத்திற்கு இடமாகும் என்று சிலர் வாதிட்டனர். கருவித் தளத்தை 84.4 நிமிட அலைவுக் காலம் கொண்டதாக அமைத்தால், ஊர்தி எவ்வாறு முடுக்கப்பட்டாலும் தளம் செங்குத்தை இழக்காது என்று செருமானிய அறிஞர் மாக்ஸ் சூலர் 1923இல் காட்டியிருந்தார். இக்கொள்கை இங்குப் பயன்பட்டது.

1953ஆம் ஆண்டு பெப்ரவரி 8 அன்று, ஸ்பயர் என்று பெயரிடப்பட்ட கருவித் தொகுதியுடன் ஒரு பி-29 வானூர்தி மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் பெட்போர்டிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் நோக்கிப் புறப்பட்டது. ஏறத்தாழ 12 மணி நேரப் பயணத்தில் வானூர்தியின் பாதையைக் கருவியே நெறிப்படுத்தியது. ஒரு டன்னுக்கும் மேல் எடையுள்ள அக்கருவி, நிலைம வழிகாட்டல் நடைமுறைக்கு உகந்தது என்பதை நிறுவியது.

இதனைத் தொடர்ந்து நீர்மூழ்கிகளுக்கான வழிகாட்டு அமைப்புகளையும், தோர், போலாரிஸ் ஆகிய ஏவுகணைகளுக்கான அமைப்புகளையும் ஆய்வகம் உருவாக்கியது. சூலை 20, 1960 அன்று ஜார்ஜ் வாசிங்டன் என்னும் நீர்மூழ்கி நீருக்கடியிலிருந்து முதன்முறையாகப் போலாரிஸ் ஏவுகணையைச் செலுத்தியது. ஏவுகணையினுள் அடங்கக்கூடிய சிறிய எண்ணிமக் கணினியை அமைத்த அனுபவம் ஆய்வகத்திற்கு இவ்வாறு கிடைத்தது. 1960ஆம் ஆண்டின் சிறந்த மனிதர்களாக டைம் இதழ் தெரிவு செய்த 15 அமெரிக்க அறிவியலாளர்களுள் டிரேப்பரும் ஒருவர்.

அப்பல்லோ திட்டம்

சந்திரனுக்கு மனிதரை அனுப்பும் திட்டம் அறிவிக்கப்பட்ட சில மாதங்களில், 1961ஆம் ஆண்டு ஆகத்தில், விண்கலத்தின் வழிகாட்டு அமைப்பை உருவாக்கும் பொறுப்பை நாசா டிரேப்பரின் ஆய்வகத்திடம் ஒப்படைத்தது. அப்பல்லோ திட்டத்தின் முதல் முதன்மை ஒப்பந்தம் இதுவே. தம் கருவிகளின் மீது டிரேப்பருக்கு இருந்த நம்பிக்கை, அவ்வாண்டு நவம்பரில் அவர் எழுதிய ஒரு கடிதத்தில் வெளிப்பட்டது. அப்போது 60 வயதாகியிருந்த அவர், தம்மையே விண்வெளி வீரராகச் சேர்த்துக்கொள்ளுமாறு நாசாவிடம் முறைப்படி விண்ணப்பித்தார். அவ்விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

கணினியின் வடிவமைப்பையும் மென்பொருளையும் டிரேப்பர் நேரடியாகச் செய்யவில்லை. எல்டன் ஹால் வன்பொருளுக்குப் பொறுப்பேற்றார். ஹால் லேனிங், ரிச்சர்டு பாட்டின் ஆகியோர் மென்பொருளின் அடித்தளத்தையும் வழிகாட்டல் கணிதத்தையும் அமைத்தனர். மார்கரெட் ஹாமில்டன் பின்னர் விண்கல மென்பொருள் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். மென்பொருளுக்காக மட்டும் உச்ச காலத்தில் ஏறத்தாழ 350 பேர் உழைத்தனர். கருவியும் கணிதமும் இயந்திரமும் ஒரே கூரையின் கீழ் வளர வேண்டும் என்ற டிரேப்பரின் அணுகுமுறையே இவர்களை ஒன்றுசேர்த்தது.

கணினியின் அமைப்பு

அப்பல்லோ வழிகாட்டிக் கணினி ஏறத்தாழ 32 கிலோகிராம் எடையும் 55 வாட்டு மின்நுகர்வும் கொண்டது. தொகுசுற்றுகளைப் பயன்படுத்திய முதல் கணினிகளுள் இதுவும் ஒன்று. இதன் இரண்டாம் பதிப்பில் ஏறத்தாழ 2,800 தொகுசுற்றுகள் இருந்தன. கட்டளைக் கலம், சந்திரத் தரையிறங்கு கலம் ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு கணினி பொருத்தப்பட்டது.

இதன் நிலை நினைவகத்தில் 36,864 சொற்களும், மாற்றத்தக்க நினைவகத்தில் 2,048 சொற்களும் இருந்தன. ஒவ்வொரு சொல்லும் 15 தரவு இருமங்களும் ஒரு சரிபார்ப்பு இருமமும் கொண்டது. நிலை நினைவகம் கயிற்று நினைவகம் எனப்பட்டது. காந்த வளையம் ஒன்றினூடாகக் கம்பி சென்றால் 1 என்றும், அதனைச் சுற்றி வெளியே சென்றால் 0 என்றும் பொருள். வால்தம் நகரில் இருந்த ரேதியான் தொழிற்சாலையில் பெண் தொழிலாளர்கள் இக்கம்பிகளைக் கையால் கோத்தனர். கோத்து முடிக்கப்பட்ட நிரலை மாற்ற இயலாது. ஆகவே பிழைகளும் வேகக் குறைபாடுகளும் கோப்பதற்கு முன்னரே கண்டறியப்பட வேண்டியிருந்தது.

ஒரு நினைவகச் சுழற்சிக்கு 11.7 நுண்நொடி ஆனது. ஒரு நொடியில் ஏறத்தாழ 85,000 சுழற்சிகள் நிகழும். பெரும்பாலான கட்டளைகள் இரண்டு சுழற்சிகளை எடுத்துக்கொண்டன. எனவே ஒரு நொடிக்கு ஏறத்தாழ 40,000 கட்டளைகளே நிறைவேறின. இந்த வேகத்திற்குள் கலத்தின் இருப்பிடத்தைக் கணித்து, பொறியின் உந்துவிசையை நிர்ணயித்து, கலத்தின் சாய்வைச் சரிசெய்து, வீரர்களுக்கு எண்களையும் காட்ட வேண்டியிருந்தது.

நேரத்தைப் பங்கிடுதல்

ஒரே செயலகம் பல பணிகளைக் கவனிக்க வேண்டியிருந்ததால், ஹால் லேனிங் முன்னுரிமை அடிப்படையிலான செயலாட்சி நிரலை வடிவமைத்தார். ஒவ்வொரு பணிக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. உயர்ந்த முன்னுரிமையுள்ள பணி காத்திருந்தால், நடந்துகொண்டிருக்கும் பணி தன் இடைநிலை விவரங்களைச் சேமித்துவிட்டு விலகும். குறித்த நேரத்தில் செய்ய வேண்டிய சிறு பணிகளைக் காத்திருப்புப் பட்டியல் என்ற மற்றொரு நிரல் கவனித்தது.

விலகி நிற்கும் பணியின் விவரங்களைச் சேமிக்க இடம் வேண்டும். தரையிறங்கு கலத்தின் கணினியில் இதற்கென ஒவ்வொன்றும் 12 சொற்கள் கொண்ட எட்டு இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. பெரிய கணக்கீடுகளுக்கென 44 சொற்கள் கொண்ட ஐந்து இடங்கள் தனியே இருந்தன. இவற்றுள் எட்டும் நிரம்பிய பின் ஒரு பணி இடம் கேட்டால் 1202 என்ற எச்சரிக்கையும், ஐந்தும் நிரம்பிய பின் கேட்டால் 1201 என்ற எச்சரிக்கையும் தோன்றும்.

பணிச்சுமையை அளத்தல்

இன்றைய மேசைக் கணினியில் ஒரு நிரலின் செயல்திறனை அளக்க மற்றொரு நிரலை இயக்கினால் போதும். உட்பொதி கணினியில் அது எளிதன்று. அளக்கும் நிரலும் அதே நேரத்தையும் அதே நினைவகத்தையும் எடுத்துக்கொள்ளும். அதனால் அளக்கப்படுவதே மாறிவிடும். 2,048 சொற்கள் மட்டுமே கொண்ட நினைவகத்தில் அளவீட்டு விவரங்களைத் திரட்டிவைக்க இடமும் இல்லை. ஆகவே ஆய்வகத்தினர் அளவீட்டின் பெரும்பகுதியைக் கணினிக்கு வெளியே நடத்தினர்.

இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பெரிய கணினியில் வழிகாட்டிக் கணினியின் ஒவ்வொரு கட்டளையையும் இம்மி பிசகாமல் நிகழ்த்திக் காட்டும் ஒப்புருவாக்கம். தொடக்கத்தில் ஹனிவெல் கணினியிலும், பின்னர் ஐபிஎம் 360 வகைக் கணினியிலும் இது இயங்கியது. கலத்தின் இயக்கம், பொறியின் தன்மை, சந்திரனின் ஈர்ப்பு ஆகியனவும் இதில் சேர்க்கப்பட்டன. எந்த நிரற்பகுதி எத்தனை சுழற்சிகளை எடுத்தது என்பதை இதிலிருந்து அறியலாம். மற்றொன்று, உண்மையான வழிகாட்டிக் கணினியை ஒப்புமைக் கணினிகளுடன் இணைத்து, அதனைக் கலத்தினுள் இருப்பதாகவே நம்பச் செய்யும் கலப்பு ஒப்புருவாக்கம்.

கணினியின் உள்ளேயே எளிய அடையாளங்கள் சிலவும் இருந்தன. வேறு பணி எதுவும் இல்லாதபோது கணினி ஒரு வெற்றுப் பணியைச் சுற்றிச்சுற்றி இயக்கும். அப்போது வீரர்களின் விசைப்பலகையில் கணினி இயங்குவதைக் குறிக்கும் விளக்கு அணைந்திருக்கும். அவ்விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கணினிக்கு ஓய்வே இல்லை என்று பொருள். இரவுக் காவலாளி என்று பெயரிடப்பட்ட மின்சுற்று ஒன்று, செயலாட்சி நிரல் குறித்த இடைவெளிக்குள் புதிய பணி உள்ளதா என்று பார்க்கத் தவறினால், நிரல் எங்கோ சிக்கிக்கொண்டதாகக் கொண்டு கணினியை மறுதொடக்கம் செய்தது. இன்றைய உட்பொதி கணினிகளில் காணப்படும் கண்காணிப்பு நேரங்காட்டிகளும் இதே பணியைச் செய்கின்றன.

அப்பல்லோ 11 எச்சரிக்கைகள்

அப்பல்லோ 11 தரையிறக்கத்திற்கு ஏறத்தாழ இரு வாரங்களுக்கு முன், ஹூஸ்டனில் நடந்த ஒத்திகை ஒன்றில் பயிற்சியாளர்கள் ஒரு நிரல் எச்சரிக்கையைத் தோன்றச் செய்தனர். கட்டுப்பாட்டு அறையினர் தரையிறக்கத்தைக் கைவிட்டனர். அந்த முடிவு தேவையற்றது என்று பின்னர்த் தெளிவாயிற்று. பறப்பு இயக்குநர் ஜீன் கிரான்ஸின் பணிப்பின்பேரில், ஜாக் கார்மன் என்னும் இளம் பொறியாளர் எல்லா எச்சரிக்கைகளையும் அவற்றிற்குச் செய்ய வேண்டியவற்றையும் பட்டியலிட்டு வைத்தார்.

சூலை 20, 1969 அன்று, நீருக்கடியிலிருந்து போலாரிஸ் ஏவப்பட்டுச் சரியாக 9 ஆண்டுகள் கழித்து, நீல் ஆம்ஸ்ட்ராங்கும் பஸ் ஆல்ட்ரினும் சந்திரனை நோக்கி இறங்கினர். ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில் 1202 எச்சரிக்கை தோன்றியது. அதன் பொருள் வீரர்களுக்குத் தெரியவில்லை. கட்டுப்பாட்டு அறையில் வழிகாட்டல் அலுவலராக இருந்த ஸ்டீவ் பேல்ஸ், கார்மனின் துணையுடன் சில நொடிகளில் தொடரலாம் என்று முடிவு கூறினார். தரையிறங்குவதற்குள் 1202 நான்கு முறையும் 1201 ஒரு முறையுமாக மொத்தம் ஐந்து எச்சரிக்கைகள் வந்தன.

ஒவ்வொரு முறையும் கணினி தன்னை மறுதொடக்கம் செய்துகொண்டது. மறுதொடக்கத்தின்போது தேங்கிக் கிடந்த பணிகள் அனைத்தும் நீக்கப்பட்டன. வழிகாட்டல், பொறிக் கட்டுப்பாடு போன்ற இன்றியமையாத பணிகள் மட்டும், தாம் கடைசியாகப் பதிவு செய்த நிலையிலிருந்து மீண்டும் தொடங்கின. இருப்பிடமும் விரைவும் இழக்கப்படவில்லை, பொறி நிற்கவில்லை. நெருக்கடியில் எதைக் கைவிடலாம், எதைக் கைவிடலாகாது என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருந்தமையால், ஈகிள் பாதுகாப்பாகத் தரையிறங்கியது.

காரணம்

தரையிறங்கும் வேளையில் வழிகாட்டல் கணக்கீடு இரண்டு நொடிக்கு ஒருமுறை தொடங்கப்பட்டது. எல்லாப் பணிகளும் சேர்ந்து கணினியின் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன; ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தை, கணக்கில் வராத ஒன்று தின்றுவிட்டது.

சந்திப்பு ரேடார், தரையிறக்கத்திற்குத் தேவையற்றதாயினும், தேவைப்பட்டால் உடனே பயன்படும் வகையில் இயங்கிக்கொண்டிருந்தது. அதன் விசை வைக்கப்பட்டிருந்த நிலையில், ரேடாரின் கோணங்களை உணர்த்தும் சுற்றுக்கு ஒரு மின்வழங்கியிலிருந்தும், அக்கோணங்களைப் படிக்கும் சுற்றுக்கு மற்றொரு மின்வழங்கியிலிருந்தும் 800 ஏர்ட்சு மின்னோட்டம் சென்றது. இரண்டின் அதிர்வெண்ணும் ஒன்றே. ஆனால் கட்டம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இடைமுக ஆவணத்தில் குறிக்கப்படவில்லை. கட்ட வேறுபாட்டினால் படிக்கும் சுற்று பொருளற்ற கோணங்களைக் கண்டு, இடைவிடாமல் திருத்தத் துடிப்புகளைக் கணினிக்கு அனுப்பியது.

ஒவ்வொரு துடிப்பும் கணினியின் எண்ணியில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். அதற்காக ஒரு நினைவகச் சுழற்சி, நடந்துகொண்டிருக்கும் நிரலிடமிருந்து எடுத்துக்கொள்ளப்படும். இரண்டு கோணங்களுக்கும் தலா 6,400 என, ஒரு நொடிக்கு அதிக அளவாக 12,800 துடிப்புகள் வரலாம். ஒவ்வொன்றிற்கும் 11.7 நுண்நொடி எனக் கொண்டால், ஒரு நொடியில் ஏறத்தாழ 0.15 நொடி, அதாவது 15 விழுக்காடு நேரம் இழக்கப்படும். இவ்விழப்பை எந்த நிரலும் அறியாது. நிரலின் பார்வையில் ஒவ்வொரு கட்டளையும் வழக்கம்போலவே நிறைவேறியது. கடிகாரம் மட்டும் விரைந்து ஓடியது போலிருந்தது.

மிச்சமிருந்த நேரத்தை விட இழப்பு மிகுந்தபோது, ஒரு வழிகாட்டல் கணக்கீடு முடிவதற்குள் அடுத்தது தொடங்கியது. முடியாதவை ஒன்றன்மேல் ஒன்றாகத் தேங்கின. கூடுதல் விவரம் ஒன்றை ஆல்ட்ரின் திரையில் கேட்டபோது சுமை மேலும் கூடியது. சேமிப்பு இடங்கள் தீர்ந்து எச்சரிக்கைகள் தோன்றின.

கருவியியல் ஆய்வகத்தினர் இரவோடிரவாகக் காரணத்தை ஆராய்ந்தனர். சந்திரனிலிருந்து புறப்படும் முன் ரேடார் விசையின் நிலையை மாற்றுமாறு வீரர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. பின்னர், தேவையற்றபோது ரேடாரின் துடிப்புகள் வராதபடி மென்பொருள் திருத்தப்பட்டது. நேர இழப்பைப் படிப்படியாகக் கூட்டி, எந்த அளவில் எந்தப் பணி முதலில் தவறுகிறது என்று பார்க்கும் ஒப்புருவாக்கங்களும் நடத்தப்பட்டன.

1971ஆம் ஆண்டு பெப்ரவரியில் அப்பல்லோ 14 கலத்தின் தரையிறக்கத்தைக் கைவிடும் விசையில் கோளாறு ஏற்பட்டு, யாரும் அழுத்தாமலே அது அழுத்தப்பட்டதாகக் கணினிக்குச் சைகை சென்றது. ஆய்வகத்தின் டான் ஐல்ஸ் சில மணி நேரத்தில் ஒரு மாற்றுவழியை எழுதினார். கோத்துவைத்த நிரலை மாற்ற இயலாததால், வீரர்கள் மாற்றத்தக்க நினைவகத்தில் சில எண்களை உள்ளிட்டு விசையைப் புறக்கணிக்கச் செய்தனர். கலம் தரையிறங்கியது.

எதிர்ப்புகளும் ஆய்வகத்தின் பிரிவும்

சந்திரனில் மனிதர் இறங்கிய அதே ஆண்டில் டிரேப்பரின் ஆய்வகம் கடும் எதிர்ப்பையும் சந்தித்தது. அப்பல்லோ வழிகாட்டியை உருவாக்கிய அதே கூடத்தில், பல அணுகுண்டுகளைத் தனித்தனி இலக்குகளுக்கு அனுப்பவல்ல பொசைடன் ஏவுகணையின் வழிகாட்டியும் உருவாகிக்கொண்டிருந்தது. வியட்நாம் போர் நடந்துவந்த அக்காலத்தில், ஒரு பல்கலைக்கழகம் போர்க்கருவிகளை ஆக்குவது தகுமா என்று மாணவர்களும் ஆசிரியர் சிலரும் வினவினர். 1969ஆம் ஆண்டு நவம்பரில் ஆய்வகத்தின் முன் பெரும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன.

துல்லியமான வழிகாட்டல் நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்பதில் டிரேப்பர் உறுதியாக இருந்தார். எதிர்த்தவர்களோ, ஏவுகணையின் துல்லியம் கூடுவது எதிரியின் ஏவுதளங்களை முதலில் தாக்கும் ஆசையைத் தூண்டி, போரின் வாய்ப்பைக் கூட்டும் என்று கருதினர். 1970இல் டிரேப்பர் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. இது தம் விருப்பத்தால் நிகழ்ந்ததன்று என்பதை அவர் மறைக்கவில்லை. அவ்வாண்டிலேயே ஆய்வகத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. சூலை 1, 1973 அன்று அது பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து, இலாப நோக்கற்ற தனி நிறுவனமாயிற்று. பிரிவுக்குப் பின்னரும் டிரேப்பர் அங்குத் தொடர்ந்து பணியாற்றினார்.

மறைவு

டிரேப்பர் சூலை 25, 1987 அன்று மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் தமது 85ஆவது வயதில் காலமானார்.

விருதுகளும் சிறப்புகளும்

- சில்வேனஸ் ஆல்பர்ட் ரீடு விருது
- ஓவர்டு பாட்ஸ் பதக்கம், 1960
- தேசிய அறிவியல் பதக்கம், 1964
- டேனியல் குகன்ஹைம் பதக்கம்
- தேசியக் கண்டுபிடிப்பாளர் மன்றத்தில் இடம், 1981

அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகம் 1988இல் இவர் பெயரால் ஒரு பரிசை நிறுவியது. முதல் பரிசு 1989இல், தொகுசுற்றைத் தனித்தனியே கண்டுபிடித்த ஜாக் கில்பி, ராபர்ட் நாய்ஸ் ஆகிய இருவருக்கும் வழங்கப்பட்டது. அத்தொகுசுற்றுகளை நம்பி அப்பல்லோ கணினியை அமைத்தது டிரேப்பரின் ஆய்வகமே. 2003ஆம் ஆண்டின் பரிசு, புவியிடங்காட்டித் தொகுதியை உருவாக்கிய இவான் கெட்டிங், பிராட்போர்டு பார்க்கின்சன் ஆகியோருக்குக் கிடைத்தது.

தாக்கம்

அப்பல்லோ வழிகாட்டிக் கணினி விண்வெளியோடு நின்றுவிடவில்லை. மே 25, 1972 அன்று நாசாவின் எஃப்-8 வானூர்தி, எந்திரவியல் இணைப்புகளுக்கு மாற்றாக இக்கணினியால் கட்டுப்படுத்தப்பட்டுப் பறந்தது. எண்ணிமக் கணினியின் வழியே வானூர்தியைச் செலுத்தும் முறைக்கு இது வழிவகுத்தது.

அப்பல்லோ 11 எச்சரிக்கைகள் நிகழ்நேர மென்பொருளைப் பயில்வோருக்கு ஒரு பாடமாக நிலைத்துள்ளன. செயலகத்தின் நேரத்தை நிரலின் கட்டளைகள் மட்டுமே எடுத்துக்கொள்வதில்லை. உள்ளீட்டுக் கருவிகளும் எடுத்துக்கொள்கின்றன. நிரலை மட்டும் அளந்தால் இரண்டாவது பங்கு கண்ணில் படாது. இன்றைய உட்பொதி கணினிகளில் நினைவகத்தை நேரடியாக அணுகும் சுற்றுகளும் குறுக்கீடுகளும் செயலகத்தின் நேரத்தை இதே போன்று எடுத்துக்கொள்கின்றன. ஆகவேதான் மிகுசுமையில் எவ்வளவு நேரம் மிச்சம் உள்ளது என்பதை முழுக் கருவியையும் இணைத்து அளப்பதும், மிச்சம் தீர்ந்தால் எதைக் கைவிடுவது என்பதை முன்னரே முடிவு செய்வதும் இத்துறையில் அடிப்படை வழக்கங்களாக உள்ளன.